இறங்கும் காலின் கணக்கு

உலு சிலாங்கூரில், கோலக்குபு பாருவுக்கும் கலும்பாங்கிற்கும் இடையில் இருக்கும் சிற்றூர் கெர்லிங். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. இந்த வட்டாரத்து டவுன்களின் பழைய கடைவரிசைகள் எல்லாமே ஒரே அச்சில் அமைந்தவை. முன்னால் அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைபாதை, உள்ளே கடை, மேலே மாடி, மாடிக்கு ஏற ஓரமாக ஒரு நெட்டுக்குத்தான படிக்கட்டு. ஆள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த மாடிகளைக் கட்டியபோது மேலே குடியிருந்தது கடைக்காரரின் குடும்பம். தினமும் பத்து முறை ஏறி இறங்கியவர்களுக்குப் படியின் ஒவ்வொரு பள்ளமும் காலுக்குத் தெரியும். இன்றைக்கு அதே மாடியில் பல் மருத்துவர் இருப்பார், வழக்கறிஞர் அலுவலகம் இருக்கும், டியூஷன் வகுப்பு நடக்கும், தையல்காரர் இருப்பார், அல்லது கீழ்க்கடையின் சரக்கு ஸ்டோர் இருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் படியை முதன்முறையாக மிதிப்பவர்கள். வீட்டுக்காகக் கட்டிய படி, வியாபாரத்துக்கு உழைக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இவை எல்லாம் படிக்கட்டில் நேர்ந்தவை அல்ல. ஆனால் படியில் விழுபவருக்குச் சமதரையில் விழுபவரை விடக் காயம் கடுமையாக இருப்பதற்கு நேரான காரணம் உண்டு: அவர் விழுவது தன் உயரத்தோடு நிற்பதில்லை.

படி ஏன் செங்குத்தானது?

சிலாங்கூரில் செங்கல்லும் ஓடும் வைத்த கடைவீடுகள் பரவியது 1880களில். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துச் சூறையாடின. மறு ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹம், மரமும் அத்தாப்பு ஓலையும் வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று ஊரையே மாற்றிக் கட்ட வைத்தார். அஞ்சடியின் வரலாறு அதற்கும் முந்தியது. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலேயே கடை முன்னால் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்ற விதி இருந்தது. பழைய கோலக்குபு 1883இல் அணை உடைந்து அழிவைச் சந்தித்தது. பின்னரும் வெள்ளம் ஓயாததால் ஊரையே மேட்டுக்கு நகர்த்தினார்கள். சார்லஸ் ரீட் வகுத்த திட்டத்தில் எழுந்த கோலக்குபு பாருவிலும் வரிசை வரிசையாகக் கடைவீடுகள்தாம்.

இந்தக் கட்டடங்களுக்கு முகப்பு குறுகல், நீளம் அதிகம். வெக்கை தாங்க வேண்டும் என்பதால் கூரையை உயர்த்தி வைத்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை 3.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைவிதிகளில் 106ஆவது விதி சொல்வது இது: படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதிக்கும் இடத்தின் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடுத்துக்கொண்ட அளவு முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை மாறவே கூடாது. இந்த விதிப்படி 3.6 மீட்டர் ஏற 20 ஏற்றங்கள் வேண்டும். தரையில் அவை பிடிக்கும் நீளம் சுமார் 4.85 மீட்டர். வீடல்லாத கட்டடங்களில் 16 ஏற்றங்களுக்கு மேல் ஒரே மூச்சில் போகக் கூடாது என்பது 108ஆவது விதி. ஆகவே நடுவில் ஒரு தட்டு வைக்க வேண்டும். அதற்கும் இடம் போகும்.

இனி பழைய தச்சர் செய்ததைப் பார்ப்போம். படி உயரம் 225, அகலம் 200 என்று வைத்தால் 16 ஏற்றங்களில் வேலை முடிந்துவிடுகிறது. தரையில் பிடிக்கும் நீளம் 3 மீட்டர்தான். நடுத்தட்டும் இல்லை. ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் கடைக்கு மிச்சம். அரிசி மூட்டை அடுக்கலாம், இன்னொரு அலமாரி போடலாம். குறுகிய கடையில் அந்த 2 மீட்டர் பெரிய சொத்து. படி செங்குத்தானது தச்சரின் அறியாமையால் அன்று. தரையின் விலையைப் படியில் நடப்பவரின் கணுக்கால் கொடுக்கிறது.

விதிப்படி கட்டிய படியின் சாய்வு 35 பாகை. தச்சர் கட்டியது 48 பாகை. பதின்மூன்று பாகை வித்தியாசம் காகிதத்தில் சிறிதாகத் தெரியும். காலுக்கு அது வேறோர் உலகம்.

ஏறுவது வேறு, இறங்குவது வேறு

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஃபிரான்சுவா ப்ளாண்டெல், 1675இல் வெளிவரத் தொடங்கிய தம் பாட நூலில் படிக்கட்டுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். படி உயரத்தை இரண்டால் பெருக்கி, அகலத்தைக் கூட்டினால் மனிதன் சமதரையில் வைக்கும் ஓர் எட்டின் நீளம் வர வேண்டும். அது சுமார் 65 சென்டிமீட்டர். மூன்றரை நூற்றாண்டு கடந்தும் கட்டடப் பள்ளிகளில் இந்தச் சூத்திரம் ஏதோ ஒரு வடிவில் நடமாடுகிறது.

நம் இரண்டு படிகளையும் இதில் போட்டுப் பாருங்கள். விதிப்படியான படிக்கு விடை 61.5. தச்சரின் செங்குத்துப் படிக்கு 65. ப்ளாண்டெலின் அளவுகோலில் செங்குத்துப் படியே துல்லியமாகத் தேறுகிறது! சூத்திரம் பொய் இல்லை. அது ஏறும் எட்டின் கணக்கு. இறங்கும் பாதத்துக்கு நிற்க இடம் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

செருப்பணிந்த பெரியவரின் பாதம் 26, 27 சென்டிமீட்டர் இருக்கும். ஏறும்போது பாதத்தின் முன்பாதியை ஊன்றினாலே போதும், குதிகால் வெளியே தொங்கினாலும் பாதகமில்லை. இறங்கும்போது நிலைமை தலைகீழ். குதிகால் பின்படியின் முகத்தில் இடிக்காமல் இருக்க வேண்டும் என்பதால் பாதம் முன்னே தள்ளப்படுகிறது. 20 சென்டிமீட்டர் அகலப் படியில் பாதத்தின் கால்பங்குக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். உடல் எடையைத் தாங்க வேண்டிய முன்பாதம் சரியாக விளிம்பின் மேல் வந்து விழுகிறது. அதனால்தான் செங்குத்துப் படியில் பழகியவர்கள் பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, நண்டு நடப்பதுபோல் இறங்குகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, கால் தானே கண்டுகொண்ட வழி.

இறங்குவது எளிது என்று நினைப்பதற்குக் காரணம், மூச்சு வாங்குவதில்லை. தசைக்கும் மூட்டுக்கும் அது எளிதல்ல. ஒவ்வோர் எட்டிலும் பின்காலின் முழங்கால் மடங்கிக்கொண்டே உடல் எடை முழுவதையும் மெல்லக் கீழே இறக்கி வைக்கிறது. தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இழுபட்டு, பிரேக் போல் வேலை செய்கிறது. ஜெர்மனியின் பெர்லினில் செயற்கை முழங்கால் பொருத்தப்பட்டவர்களின் மூட்டுக்குள்ளேயே அளவுமானி வைத்துப் பார்த்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. படி இறங்கும்போது முழங்காலில் விழும் சுமை சராசரியாக உடல் எடையின் மூன்றரை மடங்கு. ஏறும்போது அதைவிடச் சற்றுக் குறைவு. வயதாக ஆக முதலில் தளர்வது இந்தப் பிரேக்தான்.

தவறினால் விழும் விதமும் வேறு. ஏறும்போது தடுக்கினால் உடல் முன்னே சாய்கிறது, அடுத்த படிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உள்ளங்கையும் முழங்காலும் சிராய்க்கும், அநேகமாக அதோடு முடியும். இறங்கும்போது முன்னால் இருப்பது வெறும் காற்று. 3.6 மீட்டரைத் தடையே இல்லாமல் ஒருவர் விழுந்து கடந்தால், தரையைத் தொடும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். நடுத்தட்டு எதற்கு என்பது இங்கேதான் புரியும். களைத்தவர் நின்று மூச்சு விடுவதற்கு மட்டும் அல்ல, உருண்டு வருபவரைப் பாதி வழியில் நிறுத்துவதற்கும் அதுதான்.

மூன்று சென்டிமீட்டர்

செங்குத்துப் படி ஆபத்தானது என்பது கண்ணுக்கே தெரியும். தெரிவதால் ஆளும் எச்சரிக்கையாகிறார். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு, அது இன்னும் கொடியது: ஒரு படி மட்டும் மற்றப் படிகளைப் போல் இல்லாதது.

படியில் நடப்பவர் ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துக் காலை வைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளில் கண்ணும் காலும் சேர்ந்து ஓர் அளவை எடுத்துக்கொள்கின்றன. அதன் பிறகு கண் வேறெங்கோ போய்விடும், கால் அந்த அளவையே நம்பித் தானாக இயங்கும். காலுக்கும் படி விளிம்புக்கும் இடையில் நாம் விடும் இடைவெளி மிகச் சிறியது, பல வேளைகளில் ஓரிரு சென்டிமீட்டர்தான். அளவு மாறிய படி வந்தால் அந்த இடைவெளி காணாமல் போகிறது.

கண்ட உடனே சுதாரித்துக்கொள்ள முடியாதா? நேரத்தைக் கணக்கிடுவோம். 18 சென்டிமீட்டர் உயரத்தைப் பொருள் ஒன்று தடையின்றி விழுந்து கடக்க ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எதிர்பாராத ஒன்றை உணர்ந்து மனிதன் தசையை அசைக்கவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. மூளை ‘ஐயோ’ என்னும்போது உடல் ஒரு படி கீழே போயிருக்கும்.

நியூயார்க் நகரின் ப்ரூக்ளின் பகுதியில், 36ஆவது தெரு சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டில் இதை உலகமே பார்த்தது. ஒரே ஒரு படி மற்றவற்றைவிடச் சுமார் அரை அங்குலம் உயரம். 2012இல் திரைப்படக் கலைஞர் ஒருவர் அங்கே கேமராவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். இளைஞர்கள், கிழவர்கள், குழந்தையைத் தூக்கி வந்தவர்கள் என ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் அதே படியில் தடுக்கினார்கள். அத்தனை பேரும் கவனமில்லாதவர்களாக இருக்க முடியுமா? காணொளி பரவியதும் நிர்வாகம் படியைச் சரி செய்தது. கால்கள் அதே கால்கள்தாம், தடுக்கல் நின்றது.

நம் ஊர்க் கடைவீடுகளில் இத்தகைய கோளாறு எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதே இல்லை. டைல்ஸ் கடையிலிருந்து வருகிறது. மேல்மாடியை வாடகைக்கு எடுப்பவர் முதலில் செய்வது, பழைய பலகை அல்லது சிமெண்டுத் தரையின் மேல் புது டைல்ஸ் போடுவது. சாந்தும் கல்லும் சேர்ந்து தரை 3 சென்டிமீட்டர் உயர்கிறது. படிக்கட்டை யாரும் தொடுவதில்லை. அதன் விளைவு, மேலிருந்து இறங்கும் முதல் படி மற்றப் படிகளைவிட 3 சென்டிமீட்டர் ஆழமாகிவிடும். கீழ்க்கடைக்காரர் தம் தரைக்கு டைல்ஸ் போட்டால் கடைசிப் படி 3 சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். படிகளுக்கு மட்டும் போட்டுத் தரைகளை விட்டால் கோளாறு தலைகீழாக இரண்டு முனைகளிலும் வரும். எப்படிச் செய்தாலும் தப்பு வந்து சேர்வது உச்சிப் படியிலும் அடிப் படியிலும்தான். படி விழுதல்களை ஆராய்ந்தவர்கள் மேலும் கீழுமுள்ள இரண்டு மூன்று படிகளையே அதிகம் சந்தேகிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கால் தன் அளவை எடுத்துக்கொள்ளும் படியே பொய் சொன்னால், அடுத்த படிக்குக் கால் எதை நம்புவது?

சோதிக்க ஒரு நூல்கண்டு போதும். உச்சிப் படியின் விளிம்பிலிருந்து, தரைக்கு முந்தின அடிப் படியின் விளிம்பு வரை நூலை இழுத்துக் கட்டுங்கள். படிகள் சீராக இருந்தால் எல்லா விளிம்புகளும் நூலைத் தொடும். ஒரு விளிம்பு நூலைத் தள்ளினாலோ, நூலுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி தெரிந்தாலோ, அந்தப் படிதான் குற்றவாளி. பிறகு அளவு நாடாவை எடுத்து ஒவ்வோர் ஏற்றத்தையும் அளந்து சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டே வாருங்கள். தரையிலிருந்து முதல் ஏற்றத்தையும் மேல்தரைக்குப் போகும் கடைசி ஏற்றத்தையும் விட்டுவிடக் கூடாது. 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் ஆசாரியைக் கூப்பிடும் வேளை வந்துவிட்டது.

கண் பார்ப்பது எதை?

இந்த வட்டாரத்துத் தமிழர் எல்லாருக்கும் தெரிந்த செங்குத்துப் படிக்கட்டு பத்துமலையில் இருக்கிறது. 1920இல் மரத்தால் அமைத்து, பிறகு கான்கிரீட்டாக மாறிய அந்த 272 படிகளுக்கு 2018 ஆகஸ்டில் பல வண்ணம் பூசினார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு மலையே வானவில்லாகத் தெரிகிறது. தெரிவது எந்தப் பக்கம் என்று யோசியுங்கள். படிகளின் முகப்பு, அதாவது செங்குத்தாக நிற்கும் பக்கம். மேலிருந்து இறங்குபவரின் கண்ணுக்கு எந்தப் படிக்கட்டிலும் முகப்பு தெரியாது. அவருக்குத் தெரிவது மிதிக்கும் தளங்கள் மட்டுமே, ஒன்றன்பின் ஒன்றாக.

கடைகளிலும் இதே கதை. ‘பல் கிளினிக் மேல்மாடியில்’ என்ற எழுத்தையும் அம்புக்குறியையும் படியின் முகப்பில் ஒட்டுகிறார்கள். ஏறுபவருக்கு அது வழிகாட்டும். முகப்புக்குப் பூசும் வண்ணத்தால் ஏறுபவருக்குப் பாதுகாப்பும் கூடலாம். 2009இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படி முகப்பில் நெட்டுக்கோடுகள் வரைந்து பார்த்தார்கள். கண்ணுக்குப் படி உண்மையைவிட உயரமாகத் தோன்ற, நடந்தவர்கள் காலைச் சற்று அதிகமாகவே தூக்கி வைத்தார்கள். ஆனால் இறங்குபவருக்குத் தேவை வேறொன்று: ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு.

ஒரே நிற டைல்ஸ் போட்ட படிக்கட்டை மேலிருந்து பாருங்கள். சாய்ந்த ஒரே பரப்பாகத் தெரியும், குறிப்பாகப் பளிங்கு போன்ற கோலமுள்ள டைல்ஸில். தளத்துக்கு எதிர் நிறத்தில் ஒரு பட்டையை விளிம்பில் ஒட்டினால் இந்த மயக்கம் தெளியும். அந்தப் பட்டை விளிம்போடு விளிம்பாக இருக்க வேண்டும். பல கடைகளில் சொரசொரப்பு டேப்பை விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை உள்ளே தள்ளி ஒட்டியிருப்பார்கள், சீக்கிரம் பிய்ந்துவிடக் கூடாது என்று. கண் அந்தப் பட்டையையே விளிம்பு என்று எடுத்துக்கொள்ளும். முன்பாதம் ஊன்றும் இடத்தில் சொரசொரப்பும் இருக்காது. இரண்டு வகையில் நஷ்டம்.

வெளிச்சத்தின் கணக்கும் இங்கே தனி. நடுப்பகலில் வெளியே வெயில் ஒரு லட்சம் லக்ஸ். விளக்கில்லாத மாடிப்படியில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சாலையிலிருந்து அஞ்சடி கடந்து நேரே படிக்கு வருபவரின் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். அவர் அத்தனை நேரம் நிற்பதில்லை. இறங்குபவருக்கு எதிரே கதவு வழியாக வரும் வெயில் கண்ணைக் கூச வைக்கும். பாவை சுருங்கும், காலடியில் இருக்கும் கடைசிப் படிகள் இருட்டில் கரையும். ஆகவே மின்விளக்கு இராத்திரிக்கு மட்டும் என்ற எண்ணத்தை விட வேண்டும். பகலிலும் எரிய வேண்டும். மேலும் கீழும் சுவிட்ச் வேண்டும், ஆள் வந்தால் தானே எரியும் விளக்கானால் இன்னும் நல்லது.

கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னொரு தொல்லை. பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி, கையில் பிடித்த செய்தித்தாளைப் படிப்பதற்கானது. படியைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தினால் பார்வை அந்தக் கீழ்ப்பாதி வழியாகத்தான் போகும். ஒன்றரை மீட்டர் தொலைவில் இருக்கும் விளிம்பு மங்கிவிடும். கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையையே குனிந்து பார்த்து இறங்குவது ஒரு தற்காப்பு.

நம் கால்களின் தனிக்கதை

2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, பத்தில் மூவர். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாத நரம்புகள் மரத்துப் போகும். காலில் முள் குத்தியது தெரியாமல் புண் ஆகும் கதை எல்லாருக்கும் தெரியும். படியில் அதே மரப்பு வேறு விதமாகப் பழி வாங்குகிறது. பாதத்தின் எந்தப் பகுதி விளிம்பில் இருக்கிறது, எந்தப் பகுதி அந்தரத்தில் இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகாது. சிலிப்பர் காலிலிருந்து நழுவியதுகூடத் தெரியாது. இவர்களுக்குக் கண்ணும் கையுமே காலுக்குப் பதில். வெளிச்சமும் கைப்பிடியும் மற்றவர்களுக்கு வசதி என்றால், இவர்களுக்கு அவைதாம் படிக்கட்டே.

கைப்பிடி பற்றித் துணைவிதிகள் தெளிவாக இருக்கின்றன. நான்கு ஏற்றங்கள் கொண்ட படிக்குக்கூட ஒரு பக்கமாவது கைப்பிடி வேண்டும். உயரம் படி விளிம்பிலிருந்து 825 முதல் 900 மில்லிமீட்டர் வரை. அகலம் 1,100 மில்லிமீட்டரை எட்டினால் இரு பக்கமும் வேண்டும். பழைய கடைப்படிகள் பெரும்பாலும் அதைவிடக் குறுகலானவை என்பதால் ஒன்றோடு விதி நிறைவேறிவிடுகிறது. தேவை நிறைவேறுவதில்லை. பக்கவாதத்தில் வலக்கை செயலிழந்தவர், ஏறும்போது பிடித்த கைப்பிடியை இறங்கும்போது பிடிக்க முடியாது. அது இப்போது அவருடைய செயலிழந்த கையின் பக்கம் இருக்கும்.

கைப்பிடி என்ற பெயரில் எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம். அகலப் பலகையின் மேல் உள்ளங்கையை வைக்கலாம், பற்ற முடியாது. விழும் கணத்தில் விரல்கள் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும். 4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக் குழாய் அதற்கு ஏற்றது. சுவருக்கும் குழாய்க்கும் நடுவே விரல் முட்டிகள் நுழைய இடம் வேண்டும். முதல் படிக்கு முன்பே கைப்பிடி தொடங்கி, கடைசிப் படியைத் தாண்டியும் ஓரடி நீள வேண்டும். அப்படி இருந்தால்தான் ஆபத்து மிகுந்த இரு முனைகளிலும் கை காலியாக இருக்காது.

கையில் சரக்கு இருப்பவருக்கு எந்தக் கைப்பிடியும் உதவாது. மேல்மாடி ஸ்டோரிலிருந்து பத்துக் கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்து இறங்கும் பையனைக் கவனியுங்கள். இரு கைகளும் பையில். பை முன்னால் துருத்தி நிற்பதால் தன் பாதமும் அடுத்த இரண்டு படிகளும் அவனுக்குத் தெரியாது. உடலின் எடைமையம் முன்னே நகர்ந்துவிட்டது, சமாளிக்க முதுகைப் பின்னே வளைக்கிறான். காலால் தடவித் தடவி விளிம்பைத் தேடுகிறான். கண், கை, சமநிலை மூன்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கிக்கொண்டு, ‘பார்த்து இறங்குடா’ என்று கீழேயிருந்து முதலாளி குரல் கொடுப்பதில் என்ன பயன்? கனமான சரக்கைக் கீழேயும் காலி அட்டைப்பெட்டியை மேலேயும் வைத்தால் பாதி ஆபத்து அன்றே தீரும். முடியாத இடத்தில் தோளில் மாட்டும் பை, அல்லது கப்பியும் கயிறும்.

மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் பூட்ஸின் அடிப்பள்ளங்களில் அப்பிக்கொண்டு வரும். பள்ளம் அடைபட்ட பூட்ஸும் தேய்ந்த சிலிப்பரும் ஈர டைல்ஸில் ஒன்றுதான். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் காலுக்கும் தளத்துக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும், உராய்வு காணாமல் போகும். படிக்குக் கீழே கால்மிதி போடுவது நல்லது. அதன் அடியில் ரப்பர் இருக்க வேண்டும், அது படியின் மேல் கிடக்கக் கூடாது. படியின் மேல் எதுவுமே கிடக்கக் கூடாது என்பது துணைவிதிகளில் 109ஆவது. துடைப்பம், வாளி, எண்ணெய்ப் புட்டி, சாமான் பெட்டி என ஓரப் படிகளை அலமாரியாக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம்.

யார் பொறுப்பு?

துணைவிதிகள் 1984இல் வந்தவை, கடைகளோ பலவும் அதற்கு முந்தியவை. விதி வருமுன் கட்டிய படியை இடித்துக் கட்டச் சொல்லி யாரும் வரப்போவதில்லை என்று உரிமையாளர் நினைப்பார். வாடகைக்காரரோ கட்டடம் என்னுடையதல்ல என்பார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் புகுந்து நிற்கும் சட்டம் ஒன்று உண்டு. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஊழியரின் பாதுகாப்பை முதலாளியின் கடமை ஆக்குகிறது. 17ஆம் பிரிவு அதே கடமையை வாடிக்கையாளர் போன்ற மற்றவர்களுக்கும் நீட்டுகிறது. 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தால், சில விலக்குகள் தவிர நாட்டின் எல்லா வேலையிடங்களும் இதற்குள் வந்துவிட்டன. இந்தக் கடமைகளை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. படிக்கட்டு எப்போது கட்டியது என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. இன்றைக்கு அதில் வேலை செய்பவருக்கு என்ன ஆபத்து, நடைமுறையில் முடிந்த எதைச் செய்தாய் என்றுதான் கேட்கிறது.

அதனால் ‘கவனம், படி செங்குத்து’ என்ற பலகையோடு நிறுத்திவிட முடியாது. மலிவிலிருந்து விலை உயர்ந்தது வரை வரிசைப்படுத்திச் செய்யலாம். படியில் கிடக்கும் சாமானை அகற்றப் பணம் வேண்டாம். விளக்குக்கும் விளிம்புப் பட்டைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இரு பக்கக் கைப்பிடிக்கு ஒரு வெல்டரும் சுவர் ஆணிகளும். கோளாறான உச்சிப் படியையும் அடிப் படியையும் சரிப்படுத்த ஆசாரிக்கு ஒன்றிரண்டு நாள் கூலி. அதையும் தாண்டி, இடம் விட்டுக்கொடுக்க மனமிருந்தால், நடுத்தட்டோடு படிக்கட்டையே திருப்பிக் கட்டலாம். அதற்கு உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்திடம் வரைபடத்தோடு போக வேண்டும். ஏறவே முடியாதவர்களுக்காகக் கீழே ஓர் அழைப்பு மணி வைத்தால், அலுவலகத்துப் பெண்ணே பாரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அஞ்சடிக்கு இறங்கி வந்துவிடலாம். கிளினிக் என்றால் வயதானவர்களைப் பார்க்கும் அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதுதான் நியாயம்.

இவற்றில் எதற்கும் இப்போது வசதியில்லை என்பவர்கள்கூட ஒன்றை மறக்காமல் இருந்தால் போதும். அடுத்த முறை கடைக்கோ மாடிக்கோ டைல்ஸ் போட ஆள் வரும்போது, நிறத்தையும் விலையையும் பேசுவதற்கு முன்னால், தரை எத்தனை சென்டிமீட்டர் உயரும், அதற்கேற்பப் படிகளை எப்படிச் சரி செய்வாய் என்று கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.